வெங்காய மலையும் வலது கண்ணும்

மெற்றில்டாவைப் போன வார அத்தியாயத்தில் கொட்டாஞ்சேனை வீட்டு வாசலில் விட்டோம். வியாழக்கிழமை காலை ஐந்தே முக்கால். "பூசை கண்டிட்டு ஒரு நிமிஷத்திலை வாறன்" என்று சொல்லிக்கொண்டு செருப்பை மாட்டினாள். அந்த ஒரு நிமிஷம் இப்போது இரண்டு மணித்தியாலமும் இருபது நிமிஷமுமாக வளர்ந்து, மீசை தாடி முளைத்து, பேரப்பிள்ளை காணும் பருவத்துக்கு வந்துவிட்டது. மெற்றில்டா வரவில்லை.

பகல் பன்னிரண்டுக்குள் அவள் கண் ஆஸ்பத்திரி வார்டில் இருந்தாக வேண்டும். வலது கண்ணில் வெள்ளை படர்ந்து முற்றிவிட்டது. இது மூன்றாவது திகதி. முதல் திகதிக்கு அடுத்த வீட்டுப் பிரசவம் குறுக்கே வந்தது. இரண்டாவது திகதிக்கு ஒரு செத்தவீடு. செத்தவரை மெற்றில்டாவுக்குத் தெரியாது, அவருக்கும் மெற்றில்டாவைத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் முந்நூறு பேருக்குத் தேத்தண்ணி ஊற்றிவிட்டுத்தான் வீடு திரும்பினாள். இம்முறையும் வராவிட்டால் உள்ளே அமுக்கம் ஏறிவிடும், போன பார்வை போனதுதான் என்று டொக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

கொட்டாஞ்சேனையில் ஒரு குழந்தைக்குத் தும்மல் வருவதற்கு முன்னமே கொத்தமல்லி அவித்துக்கொண்டு வாசலில் நிற்பவள் மெற்றில்டா. தையல் ரீச்சராக இருந்து இளைப்பாறியவள். அவளுக்கு வயது ஐம்பத்தேழு, கால்கள் இரண்டு, ஆனால் ஒரே நேரத்தில் ஐந்து வீடுகளில் அவளைக் கண்டதாகச் சத்தியம் பண்ண ஆட்கள் இருக்கிறார்கள்.

முன்னரெல்லாம் இவ்வளவு மோசமில்லை. எட்டு மாதத்துக்கு முன்னர்தான் அவளுக்குச் சக்கரம் பூட்டியது.

அப்போது அவளுடைய தங்கச்சி பிறிஜெற், காங்கேசன்துறையில் கப்பலேறித் திருகோணமலை வந்து, அங்கிருந்து பஸ்ஸில் கொழும்பு வந்து சேர்ந்தாள். அது ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம். இந்த யுத்த காலத்தில் கொழும்புத் தமிழர் வீட்டுக்கு ஆள் வந்தால், வீட்டில் இருப்பவர்களின் பெயர்ப் பட்டியலைப் புதிதாக எழுதிப் பொலிசில் பதிய வேண்டும். இது எங்கள் ஆட்களுக்கு மூச்சு விடுவது மாதிரி. சனிக்கிழமை பதிய வேண்டியதை மெற்றில்டா திங்கட்கிழமைக்குத் தள்ளிப் போட்டாள். ஞாயிறு இரவே சோதனைக்கு வந்துவிட்டார்கள். பதிந்த பட்டியலில் பிறிஜெற்றின் பெயர் இல்லை. ஏற்றிக்கொண்டு போனார்கள். மூன்று நாள்.

நான்காம் நாள் பிறிஜெற் வெளியே வந்தாள். அந்த மூன்று நாளுக்குள்ளிருந்து மெற்றில்டா இன்னும் வெளியே வரவில்லை.

அன்றிலிருந்து அவள் தேத்தண்ணிக்குச் சீனி போடுவதில்லை. தலையணை வைப்பதில்லை. மீனில் வால் துண்டுதான் அவளுக்கு.

கணவர் ஒஸ்வால்ட் வாசலுக்கும் குசினிக்குமாக நடந்தார். துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை முப்பத்துமூன்று வருஷம் எண்ணியவர். பென்சன் எடுத்தும் எண்ணுவது நிற்கவில்லை. இன்று வாசலுக்குப் போனது நாற்பத்தோராம் முறை. கையில் குடை. எட்டு மாதமாக அவர் குடையில்லாமல் படியிறங்கியதில்லை. தார் ரோட்டு உருகும் வெயிலிலும் குடை, கோயிலுக்குள்ளும் குடை, முடி வெட்டப் போன இடத்திலும் மடியில் குடை. ஏனென்று ஆரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவருக்கு வேர்த்திருக்கும்.

ஏனென்றால் அந்தச் சனிக்கிழமை மெற்றில்டா பட்டியலை எழுதி, நாலாய் மடித்து, பொலிசுக்குப் போகப் படியிறங்கினவள். மறித்தவர் ஒஸ்வால்ட். "இந்த மழைக்குள்ளை என்னத்துக்கு, திங்கள் பாப்பமப்பா" என்று சொன்னவரும் ஒஸ்வால்ட். மெற்றில்டா அதை ஒருவருக்கும் சொல்லவில்லை. பிழை என்ரை, என்ரை, என்ரை என்று முழுவதையும் தன் தலையில் ஏற்றிக்கொண்டாள். ஒஸ்வால்ட்டும் இறக்கி வைக்கச் சொல்லவில்லை.

அவர் ஆஸ்பத்திரிப் பையைத் திறந்து பார்த்தார். நேற்று அவள் ஒரு மணித்தியாலம் இருந்து அடுக்கிய பை. உள்ளே ஒரு பால்மாப் பெட்டி, ஒட்டிய துண்டில் "பக்கத்துக் கட்டில்காரிக்கு." இரண்டு பிஸ்கட் பைக்கற், "தாதிமாருக்கு." ஒரு பழைய சேலை, "ஆருக்கும் தேவைப்பட்டால்." அவளுக்கென்று ஒரு பற்தூரிகை கூட இல்லை.

ஒஸ்வால்ட் சந்திக் கடைக்கு ஓடி வெள்ளவத்தைக்கு ரெலிபோன் எடுத்தார்.

பிறிஜெற் அங்கே, கடற்கரைக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையில் அறை எடுத்து இருக்கிறாள். காலி வீதியில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் வேலை. கனடாவுக்கும் சுவிசுக்கும் இணைப்பு எடுத்துக் கொடுத்து, அடுத்தவர்களின் அழுகையெல்லாம் கேட்டு, பூமிப்பந்து முழுவதையும் விரல் நுனியில் வைத்திருப்பவள். ஆனால் எட்டு மாதமாகப் பம்பலப்பிட்டிப் பக்கம் போகும் பஸ்ஸில் கால் வைக்கவில்லை. காக்கிச் சட்டையைத் தூரத்தில் கண்டாலே அடுத்த ஒழுங்கைக்குள் திரும்பிவிடுவாள்.

"பிறிஜெற், கொக்காவைக் காணேல்லை," என்றார் ஒஸ்வால்ட்.

"எத்தினை மணிக்கு அத்தான் அட்மிட் பண்ண வேணும்?"

"பன்னிரண்டுக்குள்ளை. நான் கோயில்லை பாக்கிறன், சந்தையிலை பாக்கிறன். நீர் ஒண்டுக்கும் யோசியாதையும். சும்மா சொல்லத்தான் எடுத்தனான்."

"சும்மா சொல்ல எடுக்கிறவையின்ரை குரல் இப்பிடி நடுங்காது. நான் வாறன்."

"என்னெண்டு வருவீர்?"

"பஸ்ஸிலைதான். பறந்தே வாறது?"

சொல்லிவிட்டாள். பிறகு ரிசீவரை வைத்த கை ரிசீவரிலேயே ஒட்டிக்கொண்டது. அடையாள அட்டை இருக்கிறதா என்று பார்த்தாள். பொலிஸ் பதிவுத் துண்டு இருக்கிறதா என்று பார்த்தாள். மறுபடி அட்டை. மறுபடி துண்டு. பதினேழு முறை பார்த்துவிட்டுப் பஸ் ஏறினாள்.

கொள்ளுப்பிட்டிச் சோதனைச் சாவடியில் ஒருமுறை எல்லோரையும் இறக்கினார்கள். கோட்டைக்குக் கிட்ட இன்னொரு முறை. இரண்டாவது இடத்தில் ஒரு பெண் பொலிஸ் அட்டையைப் பார்த்து, பிறிஜெற்றைப் பார்த்து, மறுபடி அட்டையைப் பார்த்தாள்.

"கொஹெத யன்னே?" எங்கே போகிறாய் என்று சிங்களத்தில் கேட்டாள்.

"அக்காகே கெதர, மிஸ்," என்றாள் பிறிஜெற், அக்கா வீட்டுக்கு என்று.

குரல் நடுங்கவில்லை. அட்டையைத் திருப்பி வாங்கி, பதினெட்டாம் முறை பார்த்துவிட்டுப் பஸ் ஏறினாள்.

அதே நேரத்தில் ஒஸ்வால்ட் கொட்டாஞ்சேனையை அரித்துக்கொண்டிருந்தார். சாந்த லூசியா கோயிலில் மெழுகுதிரி விற்கிறவள் சொன்னாள், "ரீச்சர் அம்மா ஆறரைக்கே போயிட்டா. சுரூபத்துக்கு முன்னாலை கனநேரம் முழங்காலிலை நிண்டவ." மீன் சந்தையில் இல்லை. பிரசவ வீட்டில் இல்லை. செத்தவீட்டில் இல்லை, அங்கே எட்டாம் நாள் கூட முடிந்துவிட்டது. அரைக் கொட்டாஞ்சேனையை இரண்டு தரம் சுற்றிவிட்டு, பத்தே முக்காலுக்கு, தன் வீட்டிலிருந்து நாலாவது வாசலில், ஷபீகா வீட்டுப் பின்பக்கத்தில் அவளைக் கண்டுபிடித்தார்.

ஷபீகாவின் நானாவுக்கு, அதாவது அண்ணனுக்கு, நாளைக்குக் கல்யாணம். முற்றத்தில் வெங்காயம். எவ்வளவு என்று கேட்காதீர்கள். சிவனொளிபாத மலையைப் பார்த்தவர்கள் அதற்குச் சிவப்புத் தோல் உரித்துக் கற்பனை செய்துகொள்ளலாம். அந்த மலையின் அடிவாரத்தில் பலகைக்கட்டையில் குந்தியிருந்து, இரண்டு கண்ணாலும் தாரைதாரையாக நீர் ஒழுக, மெற்றில்டா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர் சுபஹு தொழுகைக்குப் பொறகு வந்தாங்க," என்றாள் ஷபீகா, வாசலில் ஒஸ்வால்ட்டைக் கண்டதும். "கத்திய எடுத்தவங்க இன்னும் வெக்கல்ல. சமையலுக்கு ஆள் புடிச்சிரிக்கி, ஆறு பேர் சும்மா நிக்கிறாங்க. செல்லிப் பாத்தேன், கேக்கல்ல. இண்டைக்கி ஆஸ்பத்திரியாம், இப்பத்தான் கேள்விப்பட்டேன், எனக்கிட்ட செல்லல்ல."

"கல்யாண வீடு," என்றாள் மெற்றில்டா, தலை நிமிராமல். "விட்டிட்டு வரேலுமே?"

"மணி பத்தே முக்கால்," என்றார் ஒஸ்வால்ட்.

"இந்தக் குவியல் முடியட்டும்."

"இந்தக் குவியல் முடிய அடுத்த நத்தார் வந்திடும். எழும்புமப்பா."

"நீங்கள் சாப்பிட்டனீங்களோ? மேசையிலை மூடி வைச்சனான்."

ஒஸ்வால்ட் ஷபீகாவைப் பார்த்தார். ஷபீகா வெங்காயத்தைப் பார்த்தாள். அப்போதுதான் ஒழுங்கை முனையில் செருப்புச் சத்தம். ஒழுங்கைக்காரர் கைகாட்டிய வழியில் பிறிஜெற் உள்ளே வந்தாள். வேர்த்து, சேலைக் கரை புழுதியாகி, கையில் அடையாள அட்டையையும் பதிவுத் துண்டையும் இன்னும் சீட்டாட்டக்காரன் மாதிரி விரித்துப் பிடித்தபடி.

மெற்றில்டாவின் கத்தி நின்றது.

"நீ என்னெண்டு வந்தனி?"

"பஸ்ஸிலை."

"தனியவோ? ரெண்டு இடத்திலை இறக்குவாங்களே."

"இறக்கினவங்கள். பிறகு ஏத்தினவங்கள். எழும்பு, ஆஸ்பத்திரிக்குப் போவம்."

மெற்றில்டா எழும்பவில்லை. கத்தியின் நுனியால் பலகையில் ஒரு கோடு கீறினாள். இன்னொரு கோடு. பிறகு, ஒரு வெங்காயத்திடம் சொல்வது மாதிரிச் சொன்னாள்.

"என்னாலை வரேலாது. அந்தக் கண் என்ரையில்லை."

"பின்னை ஆரின்ரை?"

"நேர்ந்து குடுத்திட்டன். உன்னைக் கொண்டு போன அடுத்த நாள் விடிய, சாந்த லூசியாவுக்கு. தங்கச்சியைத் திருப்பித் தா, என்ரை வலது கண்ணை எடு எண்டு. நீ வந்திட்டாய். ரெண்டு மாசத்திலை கண் மங்கத் துவங்கினது. கேட்டதை எடுக்கிறா எண்டு விளங்கினது. இப்ப போய் டொக்டரைக் கொண்டு திருப்பிப் பறிக்கேலுமே?"

முற்றத்தில் சமையல்காரர்கள் ஆறு பேரும் அகப்பையைக் கீழே வைத்துவிட்டார்கள். ஒஸ்வால்ட் குடையை இறுக்கிப் பிடித்தார். எட்டு மாதம் ஒரே கட்டிலில் படுத்த மனிதருக்கு இது புதுச் செய்தி.

பிறிஜெற் அழுவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவளுக்கு வந்தது கோபம்.

"அம்மாவுக்கும் இதே கண்ணிலைதான் வெள்ளை விழுந்தது. மாமிக்கு ரெண்டிலையும். அவையளும் நேர்ந்தவையளே?"

"அது வேறை."

"என்ன வேறை? சாந்த லூசியாவின்ரை சுரூபத்தை ஒழுங்காப் பாத்தனியே எப்பவாவது? கையிலை தட்டு வைச்சிருக்கிறா. தட்டிலை ஏற்கெனவே ரெண்டு கண் இருக்கு. மூண்டாவதை எங்கை வைக்கிறது, இடுப்பிலையோ?"

ஷபீகா முந்தானையால் வாயைப் பொத்தினாள்.

"பகிடி விடாதை பிறிஜெற். நான் செய்த பிழைக்கு நான்தானே குடுக்க வேணும். பிறத்தியாருக்கு ஓடியோடிச் செய்யிறதாலை கொஞ்சமெண்டாலும் கழியட்டும். அதுதானே எங்கடை வேதமும் சொல்லுது."

"எங்கடை வேதம் பிறத்தியாரைத் தன்னைப்போலை பாக்கச் சொல்லுது அக்கா. நீ உன்னைப் பாக்கிற மாதிரி எங்களைப் பாத்தியெண்டால், இந்த ஒழுங்கையிலை ஒருத்தரும் ஒரு கிழமை தாங்கமாட்டினம். சீனியில்லை, தலையணை இல்லை, வால் துண்டு. எங்கள் எல்லாரையும் பட்டினி போட்டே கொண்டுபோடுவாய்."

மெற்றில்டா அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். வெட்டாமல் அதைக் குவியலிலேயே திரும்ப வைத்தாள்.

பிறிஜெற் இன்னொரு பலகைக்கட்டையை இழுத்துப் போட்டு எதிரே குந்தினாள். குரல் இறங்கியது.

"ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வெள்ளவத்தைக்கு மூண்டடுக்குக் கரியர் கொண்டு வாறாய். இடியப்பம், சொதி, மீன் பொரியல். வைக்கிறாய், அறையைக் கூட்டுறாய், உடுப்புத் தோய்க்கிறாய், அடுத்த பஸ்ஸிலை ஓடுறாய். நான் அங்கை உள்ளை இருந்த மூண்டு நாளும் என்ன நடந்ததெண்டு ஒரு நாளாவது கேட்டனியே?"

"கேக்கப் பயம்."

"என்னைப் பாக்கப் பயம். உன்ரை பிழையை மட்டும் பாத்துக்கொண்டு திரியிறாய். நான் முன்னாலை நிக்கிறதே உனக்குத் தெரியேல்லை. அதுக்கு ரெண்டு கண்ணும் நல்லாயிருந்தும் என்ன?"

வெங்காயம் வெட்டும் கத்தியை மெற்றில்டா கீழே வைத்தாள். மணி பதினொன்றேகால். ஒஸ்வால்ட் வாசல் பக்கம் திரும்பி முச்சக்கர வண்டி ஒன்றுக்குக் கைகாட்டப் போனவர், போகாமல் நின்றார்.

"சொல்லு," என்றாள் மெற்றில்டா. "என்ன நடந்தது?"

"ஒரு சின்ன அறை. பதினொரு பொம்பிளையள். அடிக்கேல்லை, ஒண்டும் செய்யேல்லை, பயப்பிடாதை. விடிய விடிய நான் என்னைத்தான் பேசிக்கொண்டிருந்தன். ஏன் கப்பலேறினனான், ஏன் கதவைத் திறந்தனான், ஏன் சிங்களம் ஒழுங்காப் படிக்கேல்லை எண்டு வாய்விட்டுப் பேசினன். பக்கத்திலை ஒரு மலைநாட்டு மனுசி. இராமலெட்சுமி எண்டு பேர். ஜிந்துப்பிட்டியிலை வீட்டு வேலை செய்யிறவ. தன்ரை பாயிலை பாதியை எனக்கு விட்டவ. கடைசியிலை அவவுக்கு நித்திரை கெட்டுக் கோபம் வந்திட்டுது. 'ஏம்மா, வெளிய இருக்கவங்க நம்மள திட்டுறது பத்தாதா, நீ வேற ஒன்னையே திட்டணுமா, பேசாம படு' எண்டா."

பிறிஜெற் கொஞ்சம் சிரித்தாள்.

"படுத்தன். நித்திரை கொண்டன். விடிய எழும்பினால் எனக்குப் பக்கத்திலை இன்னொரு பிள்ளை அழுறது காதிலை விழுந்துது. முதல் நாள் முழுக்க அழுதிருக்கு, எனக்குக் கேக்கேல்லை. என்ரை சத்தம் அவ்வளவு பெரிசு. அதுக்குப் பிறகுதான் அவளின்ரை தலையைத் தடவினன், செபம் சொல்லிக் குடுத்தன். அக்கா, நான் அங்கை எத்தினையோ செபம் சொன்னனான். ஒண்டிலையும் உன்ரை கண்ணைக் கேக்கேல்லை."

மெற்றில்டாவின் கன்னத்தில் நீர் ஓடியது. அது வெங்காய நீரா வேறு நீரா என்று பிரித்துச் சொல்ல அரசாங்க இரசாயனப் பகுப்பாய்வாளரால் கூட முடியாது.

"அந்த இராமலெட்சுமி வெளியிலை வந்திட்டாவோ?" என்றாள்.

"தெரியாது."

மெற்றில்டா சேலையை உதறிக்கொண்டு சட்டென்று எழும்பினாள். "ஜிந்துப்பிட்டி இஞ்சை பக்கத்திலைதானே, ஒருக்கா ஓடிப்போய் விசாரிச்சிட்டு..."

"அக்கா."

"அஞ்சே அஞ்சு நிமிஷம்..."

"அக்கா. அவவை நான் தேடுறன். சத்தியமாத் தேடுறன். நீ எழும்பினபடி அப்பிடியே முச்சக்கர வண்டியிலை ஏறு."

மெற்றில்டா நின்றாள். ஓடவும் இல்லை, ஏறவும் இல்லை. இவ்வளவு நேரம் அவள் ஓரிடத்தில் நின்றதைக் கொட்டாஞ்சேனை கண்டதில்லை. கிட்டத்தட்ட அரை நிமிஷம்.

"நேர்த்தி?" என்றாள், சின்னப்பிள்ளை மாதிரி.

"கண் தெளிஞ்ச பிறகு நீயே போய் சாந்த லூசியாவின்ரை முகத்தைப் பாத்துக் கேள். கண் வேணுமெண்டால் அவ சொல்லட்டும்."

ஷபீகா ஒரு கோப்பை தேத்தண்ணியை மெற்றில்டாவின் கையில் திணித்தாள். "குடிச்சிட்டுப் போங்க டீச்சர்." கல்யாண வீட்டுத் தேத்தண்ணி. கரண்டியை நட்டால் நிமிர்ந்து நிற்குமளவுக்குச் சீனி. மெற்றில்டா முகர்ந்து பார்த்தாள், எல்லோரையும் ஒருமுறை பார்த்தாள், பிறகு ஒரே மூச்சில் குடித்தாள். ஒஸ்வால்ட் அந்த மிடறுகளை எண்ணினார். ஏழு.

ஒஸ்வால்ட் மறித்த முச்சக்கர வண்டி ஆஸ்பத்திரிப் பையையும் ஏற்றிக்கொண்டு பறந்தது. வழியில் பிறிஜெற் பைக்குள் பற்தூரிகை தேடினாள், கிடைக்கவில்லை. மருதானையில் சைக்கிள்காரர் இருவர் நடைபாதைக்கு ஏறி உயிர் தப்பினார்கள். ஒரு சோதனைச் சாவடியில் பிறிஜெற்தான் முதலில் இறங்கி அட்டையை நீட்டினாள். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்க வார்டு வாசல்.

அங்கே தாதி மெற்றில்டாவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேனையை மூடினாள். இரண்டு கண்ணும் மிளகாய்ப்பழம் மாதிரிச் சிவந்து வீங்கிக் கிடந்தன. இது கிருமி, இந்தக் கண்ணில் கத்தி வைக்க ஏலாது என்று சிங்களத்தில் சொன்னாள்.

ஒஸ்வால்ட்டின் கையிலிருந்து குடை விழுந்தது.

"நே, மிஸ்," என்றாள் பிறிஜெற் அவசரமாக. "அக்கா லூணு கெபுவா." அக்கா வெங்காயம் வெட்டியவள் என்று சிங்களத்தில் விளக்கினாள். அது போதாதென்று மெற்றில்டாவின் இரண்டு கைகளையும் பிடித்துத் தாதியின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

தாதி முகர்ந்தாள். ஒரு அடி பின்னே போனாள். பிறகு அந்தப் பெரிய வார்டு முழுக்கக் கேட்கச் சிரித்தாள். கண்ணைக் கழுவி விடலாம், சத்திரசிகிச்சை நாளைக்குத்தான், பின்னேரம் டொக்டர் பார்ப்பார், வாங்க என்றாள்.

உள்ளே போகும் கதவடியில் மெற்றில்டா திரும்பினாள்.

"மத்தியானத்துக்கு நீங்கள் என்ன..." என்று ஒஸ்வால்ட்டைப் பார்த்துத் தொடங்கினாள். பிறிஜெற் புருவத்தை உயர்த்தினாள். மெற்றில்டா அந்த வசனத்தை விழுங்கினாள். விழுங்குவது கஷ்டமாக இருந்தது.

"பிறிஜெற்," என்றாள். "எனக்குப் பயமாக் கிடக்கு. நாளைக்கு விடிய நீ வருவியோ?"

ஐம்பத்தேழு வருஷத்தில் அவள் தனக்கென்று கேட்ட முதல் சாமான் அது.

"வாறன்," என்றாள் பிறிஜெற். "பற்தூரிகையும் கொண்டு வாறன்."

கதவு மூடியது.

வெளி விறாந்தையில் கிடந்த நீள வாங்கில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். பிறிஜெற் அடையாள அட்டையை அப்போதுதான் பைக்குள் வைத்தாள். ஒஸ்வால்ட் குடையை எடுத்து மடியில் வைத்து, அதன் பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். வெளியே வெயில் கொளுத்தியது. வானத்தில் பெயருக்குக் கூட ஒரு மேகமில்லை.

"அத்தான்."

"ம்."

"இவ்வளவு நாளும் நான் கேக்கேல்லை. அந்தச் சனிக்கிழமை அக்கா ஏன் பதியப் போகேல்லை?"

ஒஸ்வால்ட் குடையை வலது முழங்காலிலிருந்து இடது முழங்காலுக்கு மாற்றினார். மூடிய கதவைப் பார்த்தார். அதற்குப் பின்னால் இன்னும் வெங்காயம் மணக்கும் கைகளோடு ஒருத்தி கண்ணைக் கழுவிக்கொண்டிருப்பாள்.

"அண்டைக்கு மழை, பிறிஜெற்."

பிறிஜெற் அவரைப் பார்க்கவில்லை. குடையைப் பார்த்தாள்.

"அக்கா எப்ப அத்தான் மழைக்குப் பயந்தவ?"